இருங்க, காட்டறேன்

பாம்பில் பல வகை உண்டு, கொசுவில் பல வகை உண்டு, மனிதரிலும் உண்டு. அதில் ஒரு வகையைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். இதற்கு விஷம் கிடையாது. கடிக்காது, கத்தாது. சிரித்த முகம், கசங்காத சட்டை, கையில் எந்நேரமும் ஒளி விடுகிற ஒரு பலகை. நீங்கள் போய் ஒரு பொருள் கேட்பீர்கள். அது அவரிடம் இருக்கும். கை எட்டுகிற தூரத்திலேயே இருக்கும். ஆனால் எடுத்துத் தர மாட்டார். "இருங்க, காட்டறேன்" என்பார்.

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் உங்கள் அரை நாள் போயிற்று.

பார்த்திருப்பீர்கள். மருத்துவமனையில் டாக்டர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டால், மூச்சு வாங்குகிற கிழவரை நிறுத்தி வைத்து, சுவரில் இருக்கிற தொடுதிரையை எந்த விரலால் தொட வேண்டும் என்று பாடம் நடத்துவாரே, அவர். புதுவீடு கட்டிவிட்டு, தாகமாக இருக்கிறது என்று சொன்ன விருந்தாளியை மாடிப்படி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் மூடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, அதே தாகத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்புவாரே, அவர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? இவர்கள் சுமைகூலியைத்தான் தருவார்கள். சுண்டைக்காயைத் தர மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. கட்டினவர் போன பிறகு இருபத்தாறு வருஷம் அவருடைய இரும்புக்கடையை நடத்தினேன். எழுத்து தெரியாது, எண் தெரியும். இரண்டங்குல ஆணி கேட்டு வந்தவர் கையில் இரண்டங்குல ஆணி. தாழ்ப்பாள் கேட்டவர் கையில் தாழ்ப்பாள். எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டேன். தொட்டிலுக்கா பாடைக்கா என்பது அவரவர் பாடு. இப்படிக் கடை நடத்தியவளுக்கு இந்த வகை ஆள் நூறடி தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. பெண்ணையே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுப் பெண்தான் எழுதுகிறாள். "இதையும் எழுதவா அம்மா?" என்கிறாள். எழுது. உண்மையைத்தானே சொல்கிறேன்.

மாப்பிள்ளை நல்லவர். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மகள் சண்டைக்கு வருவாள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, குரல் உயர்த்திப் பேசியது கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வேலை பார்க்கிற கல்லூரி தந்த வீடு, கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மகள் கேட்டாள்.

"ஏங்க, பால் வாங்கினீங்களா?"

"இரு, காட்டறேன்."

போனை எடுத்தார். அதில் ஆறு மாதத்துப் பால் மலை மாதிரி ஏறி இறங்கியது. திங்கட்கிழமை நீலம், செவ்வாய்க்கிழமை பச்சை. விரலால் கிள்ளினால் மலை பெரிதாகிறது, தடவினால் சுற்றுகிறது.

"மழை மாசத்துல நாம கம்மியா குடிக்கறோம், கவனிச்சியா?"

"கவனிச்சேன். பால் வாங்கினீங்களா?"

"அது இல்ல."

பாத்திரம் தீய்ந்து போயிற்று. மலை அழகாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவருக்கு எந்த வேலை கிடைக்கக் கூடாதோ அதுவே கிடைத்தது. அந்தக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்குகிறவர்கள் ஆளுக்கொரு ஆய்வேடு எழுதுகிறார்கள். அதையெல்லாம் கணினியில் ஏற்றி, காசு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். திறந்த களஞ்சியம் என்று பெயர். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியம். முன்பு அதைக் கவனித்துக்கொண்டவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கண்ணாடிக்காரம்மா என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். அவர் காலத்தில் அது ஒரு பட்டியல். புத்தகத்தின் பெயர், எழுதியவர், வருஷம். பெயரைத் தொட்டால் புத்தகம் வரும். கிட்டத்தட்ட என் கடை.

மாப்பிள்ளை பொறுப்புக்கு வந்தார். கண்ணாடிக்காரம்மாவை அடையாள அட்டை கொடுக்கிற மேசைக்கு மாற்றினார்கள்.

"பட்டியல்னா செத்த விஷயம் அத்தை," என்றார் என்னிடம். "ஊடாடணும்."

"எது மாப்பிள்ளை?"

"எல்லாமே."

தொட்டால் அசைகிற ஊடாடும் வரைபடம், ஊடாடும் காலக்கோடு, ஊடாடும் குமிழிகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீர் என்ற குமிழியைத் தொட்டால் அது உப்பி, வெடித்து, மழை, கடல், நிலத்தடி என்று மூன்று குட்டி போடும். நிலத்தடியைத் தொடப் போனால் அது நழுவிக் கடலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். யார் யாருடைய ஆய்வை எடுத்தாண்டிருக்கிறார் என்று கல்யாண வீட்டில் உறவு சொல்கிற மாதிரி ஒரு சிலந்தி வலை. மூலையில் ஒரு ஆந்தை. அது கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, "நான் உங்களுக்கு உதவட்டுமா?" என்று கேட்கும். வேண்டாம் என்றாலும் உதவும். நிலத்தடி நீர் என்று கேட்டால் நட்சத்திர மீனைக் கொண்டுவந்து நிறுத்தும். இத்தனையையும் தாண்டி ஒரு புத்தகத்தைப் பிடித்துவிட்டால், ஐந்து நட்சத்திரத்தில் எங்களுக்கு எத்தனை தருவீர்கள் என்று வழிமறிக்கும். எல்லாம் சேர்த்து முப்பத்தேழு பொத்தான். நான் எண்ணினேன். எண்ணத்தான் எனக்குத் தெரியுமே. புத்தகம் வேண்டும் என்பவனுக்கு அதில் எத்தனை பொத்தான் என்று நான் கேட்டபோது, மாப்பிள்ளை என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

இவ்வளவும் அவர் வீட்டு விளையாட்டாக இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தண்ணீர் வந்து குறுக்கே நின்றது.

எங்கள் தெருவுக்கு ஒரே ஆழ்துளைக் கிணறுதான். தெருவுக்குப் பின்னால் முலாம் பூசுகிற பட்டறை. தண்ணீரில் காசைக் கடித்த மாதிரி ஒரு ருசி பல வருஷமாக உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்து, வீடு வீடாகக் குப்பியில் தண்ணீர் பிடித்து, எண் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஆய்வேடு முடிந்ததும் மறுபடி வந்து, புத்தகத்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். "உங்க தெருவோட கணக்கு எண்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கு. களஞ்சியத்துல யார் வேணும்னாலும் எடுக்கலாம்," என்றாள். பிறகு வேலை கிடைத்து எங்கோ தூர தேசத்துக்குப் போய்விட்டாள். போன் எண்ணும் போயிற்று.

இந்தக் கதை நடந்தபோது எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றில் ஏழு மாதம். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவன், பணிமனையிலிருந்து தினமும் இரண்டு கேன் தண்ணீர் தூக்கிவருவான். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன், முதல் மூன்று மாதம், அவளும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தாள். மற்றவர்கள் காய்ச்சிக் குடித்தோம். காய்ச்சினால் கிருமி சாகும். உலோகம் சாகுமா? நான் உலோகம் விற்றவள். அதற்குச் சாவு கிடையாது.

அந்த நேரத்தில்தான் குடிநீர் அலுவலகத்தில் சொன்னார்கள், கெட்ட தண்ணீர்த் தெருக்களுக்கு இரண்டு மாதத்தில் நல்ல தண்ணீர்க் குழாய் போடப்போகிறோம் என்று. நானும் அவளும் போனோம். அதிகாரி தலை நிமிராமல் பேசினார்.

"தண்ணி கெட்டதுன்னு ஆதாரம் இருக்கா?"

"குடிச்சுப் பாருங்க," என்றேன்.

"அச்சடிச்ச தாள் வேணும்மா. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பட்டியல மூடறோம். விட்டா அடுத்த வருஷம்தான்."

"புதுசா பரிசோதனை பண்ணலாமா சார்?" என்றாள் அவள்.

"மூணு வாரம் ஆகும்."

வெளியே வந்து அவள் படியில் உட்கார்ந்தாள். "அடுத்த வருஷம்னா புள்ள பொறந்து நடந்துடும்மா. அதுவரைக்கும் எங்க வீட்டுக்காரரு கேன் தூக்கிட்டே இருப்பாரா?"

"எதுக்குடி அழுவற? புத்தகம் இருக்கு. எண்பத்தெட்டாம் பக்கம் இருக்கு. அதைக் காவல் காக்கறவரு என் மாப்பிள்ளை. ஒரு தாளு. வாங்கிடலாம்."

எவ்வளவு தெனாவெட்டு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் மகளும் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போது மாப்பிள்ளை தனக்கென்று ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார். நான் அதைக் கண்டும் காணாத மாதிரி இருப்பேன். அவர் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க மாப்பிள்ளை."

அவர் முகம் மலர்ந்தது. பயந்தேன்.

"இருங்க, காட்டறேன்."

லேப்டாப்பைத் திறந்தார். குமிழி வந்தது. வெடித்தது. ஆந்தை வந்தது. முக்கால் மணி நேரம் காட்டினார். சாப்பாடு ஆறியது. புத்தகத்தின் அட்டை வரைக்கும் வந்து, அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"போன வாரம்தான் இதைப் புதுசா வச்சேன். புரட்டும் புத்தகம். நிஜப் புத்தகம் மாதிரியே ஒவ்வொரு பக்கமா விரலால புரட்டலாம். சத்தம்கூட வரும்."

"நேரா எண்பத்தெட்டுக்குப் போக முடியாதா?"

"அப்படி வச்சா புரட்டற அனுபவம் போயிடும் அத்தை."

"எனக்கு அனுபவம் நிறைய இருக்கு மாப்பிள்ளை. தாளுதான் இல்ல. நீங்களே எடுத்துக் கொடுத்துடுங்களேன்."

"நான் எடுத்துக் கொடுத்தா அப்புறம் திறந்த களஞ்சியம் எதுக்கு? நீங்களே எடுக்கணும். அதுதான் சுதந்திரம்."

மகள் கரண்டியோடு நின்றாள். "அம்மா கேக்கறதைக் குடுத்துட்டுப் போங்களேன்."

"உங்க அம்மாவ நீ குறைச்சு எடை போடற," என்றார் மாப்பிள்ளை. என்ன மரியாதை பாருங்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, உனக்குக் கால் இருக்கிறதே என்று பாராட்டுகிற மரியாதை.

திங்கட்கிழமை எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் எதிர்வீட்டில் கூடினோம். போனில் குமிழியைத் துரத்தி, ஆந்தையைத் தாண்டி, நட்சத்திரம் கொடுத்து, புத்தகத்தைப் பிடித்தோம். புரட்டினோம். சர், சர் என்று சத்தம். பத்து, இருபது, ஐம்பது, அறுபது, அறுபத்தொன்று. நின்றது. "சற்றுப் பொறுங்கள்" என்று ஒரு சக்கரம் சுற்றியது. பொறுத்தோம். பொறுத்ததற்குப் பரிசாகப் புத்தகம் மூடி, அட்டைக்குத் திரும்பிவிட்டது.

கை ராசி சரியில்லை என்று அடுத்தவள் வாங்கினாள். அறுபத்தொன்று. நின்றது. அடுத்தவள். அறுபத்தொன்று. ஒருத்தி வேகமாகப் புரட்டினாள், ஒருத்தி மெதுவாக. ஒருத்தி கையைக் கழுவிவிட்டு வந்து புரட்டினாள். திங்கட்கிழமை ஆளுக்கு ஐந்து தடவை, செவ்வாய்க்கிழமை ஆளுக்கு ஐந்து தடவை. கடையை விற்றபோது மிஞ்சிய வாஷர்கள் என்னிடம் உண்டு. ஒவ்வொரு தடவை நின்றபோதும் ஒரு வாஷரை டப்பாவில் போட்டேன். எதையாவது எண்ணாவிட்டால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும்.

செவ்வாய்க்கிழமை மாலை மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்தார்.

"அத்தை, உங்க தெருவுல எல்லாரும் பின்னிட்டீங்க. நான் இங்க திரையில பாத்துட்டே இருக்கேன்."

"மாப்பிள்ளை, அறுபத்தொண்ணோட நின்னு போவுது."

"அறுபத்தொண்ணா? மத்தவங்க சராசரி மூணு பக்கம்தான் தெரியுமா? நீங்கல்லாம் சாதனை."

"எங்களுக்கு எண்பத்தெட்டு வேணும்."

"வரும், வரும். ஆர்வம் இருக்கே, அது போதும். நாளைக்குப் பத்து மணிக்கு எங்க கல்லூரி முதல்வர் முன்னாடி நான் இதைக் காட்டப்போறேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். பள்ளிக்கூடமே போகாதவங்க புரட்டறாங்கன்னா சும்மாவா?"

ஆக, தவிப்புக்கு அவர் ஊரில் பெயர் ஆர்வம். குழியில் விழுந்தவன் கத்துகிறான். மேலே இருப்பவர், ஆகா, என்ன குரல் வளம் என்கிறார்.

"வரேன் மாப்பிள்ளை," என்றேன். "வந்து சொல்றேன்."

புதன்கிழமை எதிர்வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். குளிரூட்டிய கூடம், நாற்பது நாற்காலி. ஒவ்வொரு நாற்காலி மேலும் சீல் உடைக்காத ஒரு பாட்டில் தண்ணீர். அவள் பாட்டிலைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். முன்வரிசையில் முதல்வர், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்த மனிதர். பின்வரிசையில் ஆசிரியர்கள். கடைசி ஓரத்தில் கண்ணாடிக்காரம்மா.

மாப்பிள்ளை காட்டினார். குமிழி வெடித்தபோது நாலு பேர் கை தட்டினார்கள். ஆந்தை சிமிட்டியபோது முதல்வரும் சிமிட்டினார். கடைசியில் நகர வரைபடம் வந்தது. ஊர் முழுக்கக் கடுகு மாதிரி புள்ளிகள். நடுவில் ஒரு சிவப்புக் குமிழி, பூசணிக்காய் அளவு. எங்கள் தெரு.

"இது ஒரு சாதாரணத் தெரு சார். ஒரே ஒரு ஆய்வேடு. ரெண்டே நாள்ல எத்தனை பக்கம் புரட்டியிருக்காங்கன்னு பாருங்க." ஓரத்தில் எண் வந்தது. நாலாயிரத்து இருநூற்று எழுபது. "அந்தத் தெருவுலேருந்தே ஒருத்தங்க வந்திருக்காங்க. படிக்காதவங்க. அவங்களே சொல்லட்டும்."

எழுந்தேன். டப்பா கையில் இருந்தது.

"ஐயா, இதுல எழுபது வாஷர் இருக்கு. அந்த எண்ணை எழுபதால வகுத்துப் பாருங்க."

முதல்வருக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்தில் இருந்தவர் போனில் வகுத்தார்.

"அறுபத்தொண்ணு."

"மிச்சம்?"

"மிச்சம் இல்லம்மா."

"மிச்சம் வராதுங்க. நாங்க படிக்கல. அறுபத்தொண்ணாம் பக்கத்துல முட்டி முட்டித் திரும்பினோம். எழுபது தடவை. எங்களுக்கு வேண்டியது எண்பத்தெட்டு. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள அது கையில இல்லன்னா எங்க தெருவுக்குத் தண்ணிக் குழாய் இல்ல. இந்தப் பொண்ணுக்கு ஏழு மாசம்."

முதல்வர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"எண்பத்தெட்டை எடுங்க."

"இருங்க சார், காட்டறேன்."

புரட்டினார். சர், சர் என்று ஒலிபெருக்கியில் கூடமே அதிர்ந்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அறுபத்தொன்று. சக்கரம் சுற்றியது. அட்டைக்குத் திரும்பியது. ஓரத்தில் இருந்த எண் மட்டும் சமர்த்தாக ஏறியது: நாலாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று. நான் டப்பாவில் ஒரு வாஷர் போட்டேன். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அறுபத்திரண்டு கொஞ்சம் கனமான பக்கம் சார்," என்றார் மாப்பிள்ளை. நெற்றி வேர்த்திருந்தது. "பெரிய வண்ணப் படம் இருக்கு. அதான் ஏற மாட்டேங்குது."

"நீங்க இதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் புரட்டிப் பார்த்தீங்களா?"

மாப்பிள்ளை மறுபடி அட்டையைத் தொட்டார். இந்த வகையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காட்டுகிறவர்களுக்கு அட்டை போதும். உள்ளே இருப்பது வேண்டியவன் தலையெழுத்து.

அதற்குள் கண்ணாடிக்காரம்மா எழுந்து வெளியே போய்விட்டிருந்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள். சூடு ஆறாத தாள். நேராக எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தார்.

"எங்கேருந்தும்மா எடுத்தீங்க?" என்றார் முதல்வர்.

"பழைய பட்டியல்லேருந்து சார். முகப்புலேருந்து எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். அழிக்கச் சொல்லல, அழிக்கல."

மாப்பிள்ளையின் முகத்தில் களை திரும்பிவிட்டது. "பாத்தீங்களா சார், நம்ம களஞ்சியத்துலதான் இருந்திருக்கு," என்றார்.

எதிர்வீட்டுப் பெண் தாளைப் படித்தாள். வரிசை வரிசையாக எண்கள். எங்கள் தெருவுக்கு நேராகக் கடைசிக் கட்டத்தில் மூன்றே சொல். வாய்விட்டுப் படித்தாள்: "குடிக்கவே உகந்தது அல்ல." படித்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் போயிற்று. முதல் மூன்று மாதத்தை அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எல்லாம் ஊடாடுகிற அந்தக் கூடத்தில் அப்போது ஒன்றும் ஆடவில்லை.

ராத்திரிக்குள் மகள் போன் செய்தாள். "என்னம்மா, நாலு பேர் முன்னாடி அவரை இப்படிப் பண்ணிட்டியே?"

"நான் என்னடி பண்ணினேன்? ஒரு வகுத்தல் கணக்கு."

பிறகு அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. "பால் கணக்கையும் ஒருநாள் வந்து வகுத்துட்டுப் போ," என்றாள்.

வியாழக்கிழமை பத்தரைக்கு அலுவலகத்தில் நின்றோம். அதிகாரி தாளை வாங்கினார், மூன்று சொல்லைப் படித்தார், பட்டியலில் எங்கள் தெருவைச் சேர்த்தார். பிறகு சுழல்நாற்காலியை நகர்த்தி, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"குழாய் எந்த வழியா வரும்னு, இருங்கம்மா, காட்டறேன்."

"வேண்டாம் சார். கையெழுத்து போடுங்க."

போட்டார்.

இரண்டு மாதம் என்றார்கள், குழி தோண்டி மூட இரண்டே கால் மாதம் ஆயிற்று. தண்ணீர் வந்த நாலாம் நாள் எதிர்வீட்டில் பெண் குழந்தை. இதை எழுதுகிறவளின் மடியில் இப்போது அதுதான் உறங்குகிறது. எடை சரியாக இருக்கிறது, அழுகை பலமாக இருக்கிறது. மூன்று மாதத்து நினைப்பு மட்டும் அவளை விடவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டுதான் போகிறாள்.

மாப்பிள்ளை திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? திருந்தினார். முதல்வர் சொன்னபடி, "நேரடியாகப் பெறுக" என்று முப்பத்தெட்டாவது பொத்தான் வைத்தார். அதைத் தொட்டால் ஒரு கதவு வருகிறது. கதவு மெல்லத் திறக்கிறது. கீல் கிறீச்சிடுகிற சத்தம்கூட வைத்திருக்கிறார். என் கடைக்கு வந்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் கொடுத்திருப்பேன். எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வரைபடம் செய்திருக்கிறாராம். நீலச் சொட்டுகள் துள்ளுகின்றனவாம். அதில் எண்பத்தெட்டாம் பக்கம் இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொன்னேன். அடுத்த மாதம் சேர்ப்பாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தார். நல்ல வெயில். பாட்டிலை பஸ்ஸில் விட்டுவிட்டார். நாக்கு வறண்டு, நாற்காலியில் சாய்ந்து, "அத்தை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் வீட்டில் அவர் தண்ணீர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருங்க மாப்பிள்ளை," என்றேன். "காட்டறேன்."

வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழி தோண்டிய இடத்தைக் காட்டினேன். மூடிய இடத்தைக் காட்டினேன். முக்கால் அங்குலக் குழாய் எங்கே அரை அங்குலமாகிறது, வால்வு எந்தப் பக்கம் திரும்பும், இணைப்பில் சுற்றிய நூல் எத்தனை சுற்று, உள்ளே இருக்கிற வாஷர் அந்த எழுபத்தொன்றில் ஒன்று என்பதுவரை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். குழாயைத் திறந்து, தண்ணீர் விழுகிற அழகைக் காட்டி, மூடினேன். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. வீட்டுக்குள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகுதான் குவளையைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்ததா? "குழாய் வேலை நல்லா இருக்கு அத்தை, இதை ஒரு படமா பண்ணலாம்," என்றார்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால் மணி நேரம் எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. தண்ணீர் என் கையில், தாகம் அவர் தொண்டையில், பேச்சு என் வாயில். கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். காட்டிக்கொண்டிருக்கும் வரை நாம்தான் ராஜா. இருபத்தாறு வருஷம் ஆணி விற்றவளுக்கே ஒரு குவளைத் தண்ணீரில் இந்த ருசி தட்டிப்போயிற்று என்றால், படித்தவர்கள் நீங்கள், எத்தனையோ பொத்தான்களைக் கையில் வைத்திருப்பவர்கள், உங்களைப் பற்றி நான் என்ன சொல்ல?

நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்பார்கள். வழியோ, மருந்தோ, ஒரு தாளோ. அந்த நேரத்தில் உங்கள் கை அந்தப் பொருளை எடுக்கப் போகிறதா, போனை எடுக்கப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போன் பக்கம் போனால் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம், நானே ஒரு வாஷர் போட்டுக்கொள்வேன். என் டப்பாவில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.